பாத்திரத்தில் மீந்தது

2 பிப்ரவரி 1992, ஞாயிறு. இராஜபாளையம்

தொண்டை கட்டியிருந்தும் பிரசங்கம் நன்றாக வந்தது. நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் இது என் நோட்டு. இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்ல?

முதல் ஞாயிறு என்பதால் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். வழக்கம்போல் முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், எல்லோரும் முடிந்த பிறகு தேவஇரக்கமும் அவர் மனைவி செல்லக்கனியும் வந்து முழங்காலிட்டார்கள். தேவஇரக்கத்துக்கு முன்பு பெரிய வியாதி, குஷ்டம், இருந்தது. மருந்து முடிந்து குணமாகிப் பல வருஷம் ஆகிறது. யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் என்னிடமே சொல்லியிருக்கிறார். விரல்கள் மட்டும் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டியவர், இப்போது ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் காவல் இருக்கிறார். கடைசியில் வா என்று அவரிடம் யாரும் சொன்னதில்லையாம், அவராகத்தான் அப்படி வருகிறார். ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடிக்கிற சபை இது. அவருக்குப் பின் யாரும் வாய் வைக்க வேண்டியதில்லை என்பதில் எல்லோருக்கும் நிம்மதி.

எல்லோருக்கும் என்றா எழுதினேன்? ஒருவன் பாக்கி இருக்கிறானே. மீந்த திராட்சரசத்தைக் குருவானவர் குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை. மண்ணில் ஊற்றவும் இடம் உண்டு. போன ஜூனில் இந்தச் சேகரத்துச் சபைகளுக்கு மாறி வந்த நாள் முதல் நான் ஊற்றத்தான் செய்கிறேன். அங்கி மாற்றுகிற வெஸ்டரி அறைக்குப் பின்னால் சுவரோரமாக, மரியாதையாக, ஜெபம் பண்ணித்தான் ஊற்றுகிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை.

மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜரத்தினம் வந்தார். அந்தச் சபையும் என் பொறுப்புதான். அங்கே கமிட்டியில் அவர்தான் மூத்தவர். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மூன்று சாயங்காலம் விசேஷக் கூட்டமாம், தலைப்பு தாழ்மை. “ஒங்கள விட்டா யாரு இருக்கா” என்றார். நான் மறுக்கவில்லை.

5 பிப்ரவரி, புதன்

முதல் நாள் பிரசங்கத்தின் தொடக்கத்தைக் கிருபாபாய்க்கு வாசித்துக் காட்டினேன். மனைவி என்பதற்காகப் பாராட்டத்தான் வேண்டும் என்று இல்லை, உண்மை. கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. தாழ்மையப் பத்தி இம்புட்டுச் சத்தமாவா பேசணும்?” என்றாள். மத்தியானம் வரை அவளோடு பேசவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர்

இரண்டாம் ஞாயிறு இங்கே திருவிருந்து. ஊரில் கல்யாணங்கள், கூட்டம் குறைவு. பாத்திரத்தில் நிறைய மீந்துவிட்டது. அம்புட்டையும் குடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். தலை கிறுகிறுவென்று இருந்தது.

1 மார்ச், ஞாயிறு

தேவஇரக்கம் கோவிலுக்கு வந்திருந்தார், தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோர் குரலும் ஓய்ந்த பிறகு அரை அடி பிந்திப் பாடுகிறவர், இன்று பாடவும் இல்லை. கடைசிப் பெண் எழுந்து போன பின் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றேன். அவரும் வரவில்லை, செல்லக்கனியும் வரவில்லை.

மீந்ததைக் குடித்தேன். நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் இதை எழுதும்போதுதான் கை நின்றது. என்ன நிம்மதி அது? ஓர் ஆத்துமா திருவிருந்துக்கு வரவில்லை. மேய்ப்பனுக்கு நிம்மதி. அதோடு இன்னொன்று, இன்று நான் ஊற்றவில்லை. ஏன் ஊற்றவில்லை?

3 மார்ச், செவ்வாய்

செல்லக்கனி கிருபாபாயிடம் சொல்லிவிட்டார். போன மாதம் ஆராதனை முடிந்து, தேவஇரக்கம் சைக்கிளை எடுக்க வெஸ்டரிப் பின்பக்கம் வந்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்துக் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று.

கிருபாபாய் இதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். “நீங்க ஊத்துவியன்னு எனக்கே தெரியாது” என்றாள். முறை, இடம் உண்டு, என்று ஆரம்பித்தேன். அவள் குழம்பை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

7 மார்ச், சனி

மலையடிப்பட்டிக்கு, தேவஇரக்கம் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் ஒரு முருங்கை. தேவஇரக்கம் எழுந்து நாற்காலி போட்டார். காப்பி போடப் போன செல்லக்கனியை அவர் நிறுத்தினார். “வேண்டாம்ட்டி. ஐயா குடிக்க மாட்டாவ” என்றார். இப்போதுதான் வீட்டில் குடித்தேன் என்று சொன்னேன். உண்மையில் குடித்திருக்கவில்லை.

அவர் சுற்றி வளைக்கவில்லை. மண்ணுக்கு ஊற்றினதைப் பார்த்தேன் என்றார். நான் விளக்கினேன். மீந்ததைக் குடிக்கலாம், பூமியிலும் ஊற்றலாம், இரண்டும் மரியாதைதான், சில இடங்களில் இப்படி, சில இடங்களில் அப்படி. செமினரியில் பாடம் எடுப்பதுபோல் பேசினேன். அவர் மடங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

“ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் மண்ணுக்குத்தான் ஊத்துதியளா?”

“ஆமா. எங்கயும் அப்படித்தான்.”

யோசிக்கவே இல்லை. மூச்சுகூட விடவில்லை. இருபது வருஷ ஊழியத்தில் எனக்குப் பொய் இவ்வளவு லேசாக வரும் என்று தெரியாது.

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். அந்த ஜெபத்தில் என்ன சொன்னேன் என்று இப்போது ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

8 மார்ச், ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர்

குடித்துவிட்டேன். ஊற்ற வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தவன், பீடத்தில் நின்றதும் கை பழக்கப்படி போய்விட்டது. பழக்கம்! இங்கே குடிக்கிற பழக்கம், அங்கே ஊற்றுகிற பழக்கம். ஒரே கைதான்.

26 மார்ச், வியாழன். ஸ்ரீவில்லிபுத்தூர்

முதல் கூட்டம். கோவில் நிறைந்து வெளியே பெஞ்சு போட்டார்கள். ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவின பகுதியைப் பேசினேன். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போவதைப் பார்த்தேன். பேசும்போதே அதை எண்ணிக்கொள்கிற ஒருத்தன் எனக்குள் இருக்கிறான்.

பாட்டு வேளையில் அரை அடி பிந்தி ஒரு குரல். கடைசி பெஞ்சில் தேவஇரக்கம். செல்லக்கனியின் தங்கை மடவார் வளாகத்தில் இருக்கிறாளாம், அங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். ஞாயிறு வரை இருப்பார்களாம். ஞாயிறு இங்கே கூட்ட முடிவுத் திருவிருந்து.

அன்றைக்கு மீந்ததை என்ன செய்வேன்?

27 மார்ச்

இன்றும் வந்தார். பிரசங்கம் நேற்றைவிட நன்றாக வந்தது. ஐயோ.

29 மார்ச், ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

தேவஇரக்கம் இங்கேயும் கடைசியில்தான் வந்தார், அவர் யாரென்று தெரியாத ஊரிலும். அவரும் செல்லக்கனியும் எடுத்துக்கொண்டு தங்கள் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார்கள். ராஜரத்தினம் பக்கத்தில் வெள்ளைத் துணியோடு நின்றார், நான் குடித்து முடித்ததும் பாத்திரத்தை வாங்கித் துடைக்க. எப்போதும் அப்படித்தான் நிற்பார். பாத்திரத்தைத் தூக்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து தேவஇரக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடித்தால் நான் பொய்யன். குடிக்காவிட்டாலும் பொய்யன்தான், ஆனால் அவருக்குத் தெரியாது.

பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பக்கவாசல் வழியே வெளியே போனேன். அவருக்குத் தெரிகிற மாதிரி, ஜன்னலுக்கு நேராக நின்று மண்ணில் ஊற்றினேன். ஆமாம், ஜன்னலைப் பார்த்துத்தான் இடம் பிடித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன். திரும்பி வந்ததும் ராஜரத்தினம் காதருகே குனிந்து ஏன் என்று கேட்டார். ஈ விழுந்துவிட்டது என்றேன்.

மூன்று நாள் தாழ்மையைப் பற்றிப் பேசியதற்குச் சால்வை போட்டார்கள்.

31 மார்ச், செவ்வாய்

காலையில் தேவஇரக்கம் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசலிலேயே நின்று பேசினார்.

“ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன்யா. ரெண்டு மாசமா கோவிலுக்குள்ள ஒக்காந்து ஒங்களத் திட்டிக்கிட்டு இருந்தேன். எல்லா எடத்துலயும் ஒரே முறைதான்னு ஞாயித்துக்கெழமதான் கண்ணால பாத்தேன். மன்னிக்கணும்.”

நான் என்ன செய்தேன்? மன்னித்தேன். ஆண்டவர் மன்னிப்பார் என்று சொல்லி அவர் தலையில் கை வைத்து ஜெபித்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு அவரை முதல்முதலாகத் தொட்டது அப்போதுதான். தொட்டதைக்கூட ஒரு நல்ல காரியமாக அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் உள்ளே வந்தேன். கிருபாபாய் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

5 ஏப்ரல், ஞாயிறு

வந்தார். எல்லோருக்கும் கடைசியில், சந்தோஷமாக, செல்லக்கனியோடு. நான் ஊற்றினேன். ஊற்றத்தானே வேண்டும்! வெஸ்டரிக்குப் பின்னால் சைக்கிளை எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு ஊரிலும் இனி நான் காலமெல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கிருபாபாய், “ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஈ விழுந்துச்சாமே. ராஜரத்தினம் வீட்டம்மா சொன்னாவ” என்றாள். அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள், செல்லக்கனி தன்னைக் கட்டிப்பிடித்து அழுதாராம், அம்மா உங்க வீட்டு மேல வருத்தப்பட்டோமே என்று. “எனக்கு அந்த மனுசியப் பாக்க வெக்கமா இருக்கு. ஒங்களுக்கு எப்படி இருக்கு?”

எப்படி இருக்கிறது? அந்தச் சால்வை கொடியில் தொங்குகிறது. அதை எடுத்து உள்ளே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

11 ஏப்ரல், சனி

தேவஇரக்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அங்கே போனதும் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. அதுவும் நல்லதுதான். ஒழுங்காக வந்திருந்தால் அதையும் பிரசங்கமாக ஆக்கியிருப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் எப்போதும் குடிப்பேன், இங்கே மட்டும்தான் ஊற்றினேன், உங்களுக்குப் பின் வாய் வைக்க எனக்கு முடியவில்லை, அன்றைக்கு அங்கே ஊற்றினதும் உங்களை நம்ப வைக்கத்தான். இவ்வளவுதான் சொன்னேன்.

முருங்கைக்குக் கீழே செல்லக்கனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், அவர் கை நின்றுவிட்டது.

“ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னது ஒங்களுக்குத் தெரியுமா?” என்றார் தேவஇரக்கம்.

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“ஆமா.”

அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத வரவில்லை. குரல் மட்டும் உயரவே இல்லை. “கடைசில வாரது நானா வந்தது. மத்தவிய முகஞ்சுளிக்கக் கூடாதுன்னு வந்தது. ஒங்களுக்காவ இல்ல. நீங்க குடிப்பியன்னு நெனச்சேன்” என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். காலைத் தொடக் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“அதெல்லாம் வேண்டாம். அன்னைக்கு ஒங்க வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டேம்லா? அத நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். நீங்க கேக்கதுக்கு இப்ப பதில் சொல்ல முடியாது. போயிட்டு வாங்க.”

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போன செல்லக்கனி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். கிருபாபாய் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

19 ஏப்ரல், உயிர்த்தெழுந்த ஞாயிறு

அவர்கள் வரவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமான ஈஸ்டர் பிரசங்கம் நான் பண்ணினதில்லை.

24 ஏப்ரல்

மே மாத கன்வென்ஷன் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுத்ததைக் கிருபாபாயிடம் சொல்லும்போதே அதிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, பார் எப்படி விட்டுக்கொடுத்தேன் என்று. இதை எங்கே கொண்டு போய்த் தொலைப்பது? எந்தத் தெருவில் திரும்பினாலும் கூடவே வருகிறது.

3 மே, ஞாயிறு

கோவிலுக்கு வந்தார்கள், பாத்திரத்துக்கு வரவில்லை. வாசலில் ஸ்தோத்திரம் சொன்னேன். செல்லக்கனி மட்டும் பதில் சொன்னார்.

7 ஜூன், ஞாயிறு

பாட்டு ஆரம்பித்து, ஆண்கள் எழுந்திருப்பதற்கு முன்பே தேவஇரக்கம் எழுந்துவிட்டார். நடு வழியாக வந்து பீடத்தின் முன் முதல் ஆளாக முழங்காலிட்டார். பக்கத்தில் வந்து முழங்காலிட்டவர் நம் சபைச் செயலாளர் ஜெபதுரை, பஞ்சு வியாபாரி. தலை குனிந்திருந்ததால் பக்கத்தில் யார் என்று அவர் முதலில் பார்க்கவில்லை.

பாத்திரத்தைத் தேவஇரக்கத்தின் வாயில் வைத்தேன். விளிம்பைத் துணியால் துடைத்தேன், வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தேன். துடைக்கிறேன் என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. அவர் அதையும் பார்த்தார். ஜெபதுரையிடம் திரும்பும்போது அவர் எழுந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் எழுந்தார்கள். சிலர் இருந்தார்கள். பெண்கள் வரிசையில் செல்லக்கனி முதலில் வந்தார், அவருக்கு அடுத்து கிருபாபாய்.

கடைசியில் குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளைபோல். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

10 ஜூன், புதன்

கமிட்டி கூடியது. ஜெபதுரை சத்தம் போடவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. முன்புபோல் கடைசியில் வரச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார், சபை உடையாது என்றார். இல்லையென்றால் என்னை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றும் மெதுவாகச் சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பயம். மாற்றல் வந்தால் எந்தப் பட்டிக்கோ, பிள்ளைகளின் படிப்பு, கேட்கிறவர்கள் என்ன சொல்வார்கள். என்ன சொல்வார்கள் என்பதுதான் முதலில் வந்தது, பிள்ளைகள் பிறகுதான்.

13 ஜூன், சனி

கமிட்டியை மறுபடி கூட்டினேன். தேவஇரக்கத்திடம் நான் சொல்ல மாட்டேன் என்றேன். டாக்டர் சொன்னதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆசை இருந்தது. நிறுத்தவில்லை. ஒரு வருஷமாக நானே ஊற்றினதையும், பொய் சொன்னதையும், ஈ கதையையும் எல்லாம் சொன்னேன். அவர் முன்னால் போய்க் கடைசியில் வா என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது என்றேன்.

ஜெபதுரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நீங்களே குடிக்கல. எங்களக் குடிக்கச் சொல்லுதிய” என்றார்.

நியாயம்தானே? ஆமாம் என்று மட்டும் சொன்னேன். ராஜரத்தினத்துக்கும் இதற்குள் செய்தி போயிருக்கும். போகட்டும்.

16 ஜூன்

கடைத்தெருவில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வாழைக்காய் வாங்காமலேயே வந்துவிட்டேன்.

5 ஜூலை, ஞாயிறு

மலையிலிருந்து சாரல் காற்று, கோவில் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. தேவஇரக்கம் முதல் ஆளாக வந்தார். துடைத்தேன், எல்லோருக்கும் துடைக்கிற அளவுதான். ஜெபதுரை தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், பாதிச் சபையும் அப்படித்தான். ஆனால் அவர் மனைவி எழுந்து வந்தார். முகத்தைத் தூக்காமல், செல்லக்கனிக்கு இரண்டு பேர் தள்ளி முழங்காலிட்டார்.

இவ்வளவு பேர் வராததால் பாத்திரத்தில் முக்கால்வாசி மீந்துவிட்டது. நின்ற இடத்திலேயே குடித்தேன். ஒரே மூச்சில் முடியவில்லை, நடுவில் நிறுத்தி நிறுத்திக் குடித்தேன். முதல் வாயில் குமட்டியது, பிறகு இல்லை. தேவஇரக்கம் தன் பெஞ்சில் இருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்றல் கடிதம் வரும் என்கிறார்கள். வந்தால் போக வேண்டியதுதான்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன். வெளியே போகிறவர்கள் பலரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். தேவஇரக்கம் என் முன்னால் வந்து நின்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்வார் என்று நான் எதிர்பார்த்தது எனக்கே அசிங்கமாக இருந்தது.

“பிரசங்கம் ரொம்ப நீளம்யா” என்றார்.

ஆமாம் என்றேன். அவர் சைக்கிளை எடுக்கப் போனார்.